கொசு இல்லாத கொட்டாய்

வேதகிரி எங்கள் வீட்டுக்கு ஏழு வருஷம் வந்து போனார். வந்த நேரத்தில் பெரும்பகுதி அவர் வாயில் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதனால் அவர் பேசி நாங்கள் கேட்டது கொஞ்சம்தான். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கொசுக்காரர் என்றால் உத்திரமேரூர் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும்.

சொந்த ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். இளம் வயதில் மலேரியா மருந்து அடிக்கும் ஆட்களோடு இருந்தவர். வீடு வீடாகப் போய்ச் சுவரில் மருந்து அடித்துவிட்டு, கதவோரம் தேதி போட்டுவிட்டுப் போவார்களே, அந்த வேலை. எங்கள் வீட்டுப் பின்சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் அப்படி ஒரு தேதி மங்கலாகத் தெரியும். எழுபத்தொன்பது பங்குனியில் அவர் வந்த முதல் நாள் அதை விரலால் தடவிப் பார்த்தார். "இது நான் போட்டதுதான்" என்றார். அறுபத்து மூன்றாம் வருஷத்துத் தேதி. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இந்த மனிதர் இந்த வீட்டின் எல்லா அறைக்குள்ளும் போய் வந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

இந்த முறை வந்தது கொல்வதற்கு அல்ல, எண்ணுவதற்கு. வயலை ஒட்டி இருந்ததாலும், ஆறு உருப்படி மாடு கட்டியிருந்ததாலும் எங்கள் மாட்டுக்கொட்டாயைத் தேர்ந்தெடுத்தார். நடுத்தூணில் ஆணி அடித்து ஒரு மஞ்சள் அட்டையை மாட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, ஐந்தரை மணி பஸ்ஸில் இறங்குவார். பொழுது சாய்ந்ததும் கொட்டாய்க்குள் நுழைவார். டார்ச்சை உடனே போடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருட்டில் நிற்பார். பிறகுதான் வெளிச்சம். கண்ணாடிக் குழாயின் முனையைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் வைத்து, ரப்பர் குழாய் வழியாக 'சுர்' என்று ஒரு மூச்சு இழுப்பார். நடுவில் வலைத்துணி வைத்திருந்ததால் கொசு வாய்க்குப் போகாது. ஒரு மணி நேரம் அப்படியே. தன் கழுத்தில் உட்காரும் கொசுவை அவர் அடித்து நான் பார்த்ததில்லை. அதையும் குழாயில் இழுத்துக்கொள்வார். முடிந்ததும் எண்ணி, அட்டையில் தேதியும் எண்ணும் எழுதிவிட்டு, எட்டு மணி கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்.

என் மாமியார் பாஞ்சாலிக்கு அவரைச் சீண்டாமல் இருக்க முடியாது.

"இன்னா சாரே, கொசு புடிக்கறதுக்கா கவர்மெண்ட்டுல சம்பளம் குடுக்கறாங்க?"

"ஆமாம்மா. அதுலயும் பொட்டக் கொசு மட்டுந்தான். ஆம்பளக் கொசு கடிக்காது."

"எங்க வூட்லயும் அப்படித்தான் கீது. எம்புள்ள வாயே தொறக்கமாட்டான். கடிக்கறது பூரா நாந்தான்."

என் வீட்டுக்காரர் கன்னியப்பன் அதற்கும் வாய் திறக்கவில்லை. வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார்.

எதற்கு இந்த எண்ணிக்கை என்று என் வீட்டுக்காரர்தான் ஒருநாள் கேட்டார். வேதகிரி மோரைக் குடித்துவிட்டுச் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "இது வயத்தண்ணில பொறக்கற கொசு. கொக்குகிட்டருந்தும் பன்னிகிட்டருந்தும் மூளை ஜொரத்த எடுத்துக்கினு வருது. மாட்டக் கடிச்சா மாட்டுக்கு ஒண்ணும் ஆவாது, நோய் அத்தோட நின்னுபூடும். கொழந்தையக் கடிச்சாத்தான் வெனை. ரெண்டு வாட்டி எண்ணிக்கை ஏறிக் கெடந்தா ஊர் பேரு மேல போவும், மருந்து அடிக்க ஜீப் வரும். ஏறலன்னா வேற ஊருக்குப் பூடும். எங்கிட்ட இருக்கறது அந்த எண்ணு ஒண்ணுதாங்க."

அதற்கு முந்தின வருஷம் திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு ஊரில் ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகள் போயின. மழையில் பஸ் ஓடாததால் அந்த ஊருக்கு அவர் போகாமல் விட்டது ஒரே ஒரு வியாழக்கிழமை. அதையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் அந்த அட்டையைப் படிக்க அது போதும். சித்திரையில் நான்கு, ஐந்து என்று இருக்கும். ஏரி வற்றி, வயல் வெடித்துக் கிடக்கிற காலம். ஆடியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டதும் முப்பது, நாற்பது. நடவு முடிந்து, நாற்றுக்கு நடுவே தண்ணீரில் வானம் தெரிகிற நாட்களில் குனிந்து பார்த்தால் அந்த வானம் முழுக்கப் புழு நெளியும். அப்போது எண் நூறைத் தாண்டிவிடும். புரட்டாசியில் கொட்டாய்க்குள் ஒரு ரீங்காரம் எழும். அது ஒரு இடத்திலிருந்து வராது. தூண், கூரை, மாட்டின் வயிறு எல்லாமே சேர்ந்து முனகுவது போலிருக்கும். மாடுகளின் வால் ஓயாது. அந்த நேரத்தில் வேதகிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாரோ தன் பெயரைச் சொல்கிறார்களா என்று கேட்பவர் போலிருப்பார்.

எண்பத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில் என் நாத்தனார் ஆதிலட்சுமியைப் பெண் பார்க்கச் சாலவாக்கத்திலிருந்து வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கை கழுவப் பின்பக்கம் போன மாப்பிள்ளையின் மாமா வீராசாமி, கொட்டாய்த் தூணில் அட்டையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மாப்ள இது, முன்னூத்திப் பன்னண்டு? பால் கணக்கா?"

"கொசு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பொய் வராது.

எல்லோரும் சிரித்தார்கள். வீராசாமி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க பக்கம் ஒரு வூட்ல மூளை ஜொரம் வந்துச்சின்னு அந்தத் தெருவுலயே இப்ப பொண்ணு எடுக்கறதில்ல. சரி, போயி யோசன பண்ணி சொல்லி அனுப்பறோம்."

அவர்கள் போனதும் மாமியார் தூண் பக்கம் போய் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெகு நேரம் அந்த அட்டையைப் பார்த்தார்.

"கொசு ஊரு பூரா கீது. நாமதான் ஆணியடிச்சு மாட்டி வெச்சிகினு கீறோம். ராணி, அந்த எண்ணு கொறையணும். இன்னா பண்ணுவியோ."

நான் செய்தேன். வரட்டியை மூட்டி, மேலே பச்சை வேப்பிலையும் நொச்சியும் உமியும் போட்டு, கொட்டாயின் நாலு மூலையிலும் சட்டி வைத்தேன். தினமும் மாலையில் போட்டேன். வியாழக்கிழமை மட்டும் மூன்று மணிக்கே போட்டு, பஸ் சத்தம் கேட்பதற்குள் சாம்பலை வாரி, தரையைச் சாணம் தெளித்து மெழுகி, மாட்டின் மேல் வேப்பெண்ணெய் பூசிவிடுவேன்.

மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "ஏ பாஞ்சாலி, உன் வூட்டுக் கொசுவ என் வூட்டுக்கு ஓட்டறியா? எம்மருமவ முழுவாம கீறா தெரியுமில்ல?"

"நீயும் ஒரு சட்டி வையேன். கைய இன்னா கட்டியா போட்டுகீறாங்க?"

சிட்டம்மாள் வைத்தாள். அவள் வீட்டுக் கொசு அடுத்த வீட்டுக்குப் போனது. அவர்களும் வைத்தார்கள். பத்து நாளில் தெரு முழுக்கப் புகை. காற்றில்லாத மாலைகளில் அது தெருவின் மேல் மூடி போட்டதுபோல் நின்றது. கொசுக்காரர் வரும் வியாழக்கிழமை மட்டும், மாமியார் சொல்லி வைத்தபடி, எல்லார் சட்டியும் பஸ்ஸுக்கு முன்பே அணைந்துவிடும். கடைசி வீட்டுக்கு அப்பால் கொஞ்சம் தரிசு, பிறகு ஏரிக்கரை, கரையில் இருளர் குடிசைகள் ஏழு. அங்கே மாடு இல்லை. குடிசைகளுக்கு மேலே கருவேல மரங்களில் கொக்குகள் அடைந்து, எச்சத்தில் மரமே வெள்ளையாக நிற்கும். கடைசி வீட்டை விட்டுக் கிளம்பிய கொசு எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐப்பசி முதல் வியாழக்கிழமை வேதகிரி வந்தார். வழக்கம்போல் இருட்டில் நின்றார். நான் சமையல்கட்டுக் கதவிடுக்கில் இருந்து பார்த்தேன். அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். கொட்டாயில் சத்தமே இல்லை. மாடுகளின் வால் தொங்கிக்கொண்டிருந்தது. அவை அசைபோடுவதையும் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தன. டார்ச்சைப் போட்டார். சுவரில் எதுவும் இல்லை. கூரைக்கு அடித்தார், தொட்டிக்கு அடித்தார், மாட்டின் அடிவயிற்றுக்கு அடித்தார். வெளிச்சம் போன இடமெல்லாம் வெறும் இடமாகவே இருந்தது. வெளியே வயல் நிறையத் தண்ணீர், வருஷத்திலேயே கொசு உச்சத்தில் இருக்க வேண்டிய மாதம். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று தெரிந்தது. ஆள் நிறைந்திருக்க வேண்டிய வீட்டுக்குள் போய், அடுப்பு எரிகிறது, ஆள் மட்டும் இல்லை என்று கண்டால் எப்படி இருக்கும், அப்படி.

"புகை போட்டீங்களாம்மா?"

"இல்லியே" என்றார் மாமியார்.

"வேப்பெண்ண வாசன வருதே."

"உண்ணிக்குப் பூசனோம். இன்னா சாரே, கொசு இல்லன்னா சந்தோசந்தான படணும்? நீ இன்னாமோ சாமானத் தொலைச்சவன் மாதிரி நிக்கற."

அவர் ஒரு மணி நேரமும் நின்றார். மூன்று கிடைத்தது. அட்டையில் மூன்று என்று எழுதினார். எழுதிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த முறை ஒன்று.

இருளர் வீட்டுப் பொன்னியம்மாள் எங்கள் வீட்டில் சாணி அள்ள வருவாள். அவளோடு மகள் சின்னபொண்ணு வரும். ஆறு வயது. ஓயாமல் பேசும். மாடுகளுக்கெல்லாம் அது வைத்த பெயர்தான் எங்கள் வீட்டில் நிலைத்தது. அந்த வாரம் குழந்தையின் கை கால் முழுக்கத் தடிப்பு.

"இன்னா பொன்னி இது?"

"கரையில ஒக்கார முடியல சின்னம்மா. சாய்ங்காலமானா வாயத் தொறந்து பேச முடியல, உள்ள பூந்துக்குது. இந்த வருசம் இன்னாமோ எங்கருந்துதான் வருதோ."

"பாட்டு பாடுதும்மா" என்றது சின்னபொண்ணு. "எங்க தலைக்கு மேல நின்னுகினு பாடுது."

அன்று மாலை ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடியது. அதைப் பிடிக்கத் தரிசைத் தாண்டிப் போனேன். பின்னால் தெரு புகைக்குள் மறைந்திருந்தது. முன்னால், குடிசைகளுக்கு மேல், வெளுத்த மரங்களுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு தூண் நின்றது. காற்றில் நின்றது. மெதுவாக நெளிந்து, ஒரு குடிசைக்கு மேலிருந்து இன்னொரு குடிசைக்கு நகர்ந்தது. முதலில் அது எங்கள் தெருப்புகைதான் என்று நினைத்தேன். அப்புறம் சத்தம் கேட்டது. புரட்டாசி வரை எங்கள் கொட்டாயில் இருந்த அதே சத்தம். நான் என் கையால் விரட்டிய சத்தம். கன்றுக்குட்டி என் கைக்கு அகப்படாமலே வீட்டுப் பக்கம் திரும்பி ஓடியது. நானும் அதன் பின்னால் ஓடினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சாலவாக்கத்திலிருந்து நல்ல பதில் வரும் என்று வீடு காத்திருந்தது.

திங்கட்கிழமை பொன்னியம்மாள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை காலை அவள் அண்ணன் சுப்பன் வந்து வாசலுக்கு வெளியே நின்றான். "கொழந்தைக்கு ஜொரம், நேத்து வலிப்பு வந்துடுச்சி. எங்க சாமி கன்னியம்மா வந்து மேல ஒக்காந்துகிச்சின்னு பூசை போட்டோம். எறங்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போயிட்டாங்க. அவ இப்பைக்கு வேலைக்கு வரமாட்டா." மற்ற குடிசைகளில் எத்தனை குழந்தைகள் என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

மறுநாள் வேதகிரி வரும் நாள். வந்தால் மறுபடி ஒன்று என்றோ இரண்டு என்றோ எழுதுவார். ஜீப் வேறு ஊருக்குப் போகும். அவரிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. வேற்று ஆண்பிள்ளையிடம் அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் தூங்கின மத்தியானம், ஆதிலட்சுமியின் பென்சிலை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன். அட்டையில் மூன்று என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'புகை போட்டோம்' என்று எழுதினேன். ஒன்றுக்குப் பக்கத்திலும் அதையே எழுதினேன். கீழே, 'கொசு ஏரிக்கரைக் குடிசையில் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு வலிப்பு. இன்னும் ஒன்பது இருக்கிறது.' எழுத்துக் கோணலாக வந்தது. பத்து வருஷமாக நான் எழுதியதே இல்லை.

வியாழக்கிழமை அவர் டார்ச்சை அட்டையின் மேல் அடித்தார். குழாய் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது. இரண்டு முறை படித்தார். சமையல்கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் செத்திருப்பேன். எதையும் எண்ணாமல், பையை எடுத்துக்கொண்டு பின்வழியாகத் தரிசில் இறங்கி நடந்தார். டார்ச் வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போய்க் கரையில் ஏறுவதைப் பார்த்தேன். அங்கே போனதும் வெளிச்சத்தின் நிறம் மாறியது. அதற்குள் ஏதோ உமி கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டே இருந்தது, முடியவே இல்லை.

அவர் திரும்பி வந்தபோது எட்டு மணி பஸ் போயிருந்தது. கழுத்து, காது, கண் இமை எல்லாம் தடித்து ஆள் அடையாளமே மாறியிருந்தார்.

"இன்னா சாரே, இன்னிக்கி எத்தினி?" என்றார் மாமியார்.

"எண்ணி முடியலம்மா. கால் மணி நேரத்துல குழாய் எல்லாம் தீந்துபோச்சு." ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு தூணைப் பார்த்துப் பேசுவதுபோல், "இந்த அட்ட நனைஞ்சிடுச்சி. வேற மாட்டறேன்" என்று அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று அவர் உத்திரமேரூர் வரை நடந்தே போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

"இன்னா எழுதியிருந்தான் அதுல?" என்று மாமியார் கேட்டார். ஆதிலட்சுமி புதன்கிழமை மாலையே அதைப் படித்திருக்கிறாள். என் எழுத்து அவளுக்குத் தெரியும். பென்சில் அவளுடையது. "எண்ணுதாம்மா" என்றாள். என்னைப் பார்க்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் ஜீப் வந்தது. முதலில் கரைக்குத்தான் போனது. ஒன்பது குழந்தைகளில் இரண்டுக்கு ஜுரம் வந்து இறங்கியது. வேறு யாருக்கும் வலிப்பு வரவில்லை. சின்னபொண்ணு மார்கழியில் திரும்பி வந்தது. நடந்தது. சாப்பிட்டது. பேச்சு வரவில்லை. வலது கை விரல்கள் எதையோ பிடித்துக்கொண்டது போல் மூடியே இருந்தன.

ஆதிலட்சுமிக்குத் தையில் சாலவாக்கத்திலேயே கல்யாணம் நடந்தது. மறுவீடு வந்தபோது அவள் என் காதில் சொன்னாள்: "அண்ணி, அவுங்க கொட்டாயிலயும் மஞ்ச அட்ட மாட்டிகீது. நானூத்தி எட்டு."

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் வேதகிரி ஒவ்வொரு ஆடியிலும் தெருவில் வீடு வீடாக நின்று ஒரே விஷயத்தைச் சொன்னார். மாட்டுக்கொட்டாயில் புகை போடாதீர்கள், அது மாட்டோடு இருக்கட்டும், குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். "மாட்டுக்குப் பாவம் இல்லியா?" என்று சிட்டம்மாள் கேட்டாள். "பாவந்தாம்மா" என்றார். கரைக்குடிசைகளுக்கு எங்கிருந்தோ நாலு வலை வாங்கி வந்தார். எட்டு மணி பஸ்ஸுக்கு அவர் ஓடியதை அப்புறம் நான் பார்க்கவில்லை. கொட்டாயை முடித்துவிட்டுக் கரைக்குப் போய், அங்கும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, நடந்தே போவார்.

எண்பத்தாறு பங்குனியில் கடைசியாக வந்தார். அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. மாமியார் அப்போது படுக்கையில் இருந்தார். நான் மோர் கொண்டுபோய் வைத்தேன். பையிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்தார்.

"இத ஆபீஸ்ல குடுக்கலம்மா. தொலைஞ்சிபோச்சின்னு எழுதிக் குடுத்துட்டு, கரையில புடிச்ச எண்ண மட்டும் குடுத்தேன்." என்னை நிமிர்ந்து பார்க்காமல் அட்டையைத் திண்டின் மேல் வைத்தார். "நீங்க எழுதினதுக்காக வெச்சிக்கல. மூணுன்னு என் கையெழுத்து கீது பாருங்க, அதுக்காக வெச்சிகினேன். அன்னிக்கே எனக்குத் தெரியும், இந்த மாசத்துல மூணு இருக்காது, எங்கியோ போயிருக்குன்னு. முன்னூறு தப்படி நடந்திருந்தா கரை. பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு பூட்டேன்."

அப்போது பொன்னியம்மாள் சாணிக்கூடையோடு உள்ளே வந்தாள். பின்னால் சின்னபொண்ணு, பதினோரு வயது, மூடிய கையை மார்போடு வைத்துக்கொண்டு. வேதகிரி எழுந்து நின்றார். பெரியவர்கள் வந்தால் எழுவதுபோல் எழுந்தார். அந்தப் பெண் அவரைத் தாண்டிக் கொட்டாய்க்குள் போய், தான் பெயர் வைத்த மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது.

"நான்தான் புகை போட்டேன்" என்றேன். அவரிடம் நான் பேசியது அது ஒன்றுதான். பொன்னியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாணியை அள்ள ஆரம்பித்தாள்.

ஐப்பசி வந்தால் இப்போதும் விளக்கு வைத்ததும் கொட்டாய் வாசலில் போய் நிற்கிறேன். உள்ளே அந்த முனகல் இருக்கும், வால்கள் வீசிக்கொண்டிருக்கும். இருந்தால் அடுப்பு வேலைக்குத் திரும்பிவிடுவேன். சில நாள் சத்தம் இருக்காது. அன்றைக்குக் கரை வரைக்கும் நடந்து போய், குழந்தைகள் வலைக்குள் இருக்கிறார்களா என்று பொன்னியம்மாளைக் கேட்டுவிட்டு வருகிறேன். அவள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்வாள்.